கொரியக் கிறிஸ்தவ வீட்டில் பெற்றோர் நினைவு நாள்: ஜேசாவின் இடத்தில் நினைவு வழிபாடு நடத்தும் முறை

கொரியாவில் தகப்பனோ தாயோ மறைந்த நாள் திரும்பி வரும்போது, கன்பூசிய மரபு வழுவாத வீட்டில், முன்னோருக்கு உணவு படைத்து வணங்கும் ஜேசா நடக்கும். சீர்திருத்தச் சபையினர் வீட்டில் சுதோ-யெபே எனப்படும் நினைவு வழிபாடு நடக்கும். கத்தோலிக்கர் வீட்டில், திருச்சபை ஒப்புதலோடு திருத்தி அமைத்த ஜேசா நடக்கும். மூத்தவர் பழைய முறைக்காரர், தம்பி பிரஸ்பிட்டேரியன் சபை மூப்பர், தங்கை கத்தோலிக்கர் என்று ஒரே குடும்பத்துக்குள் மூன்றும் இருப்பது அங்கே புதிதல்ல. அந்த நாளை உறவும் முறியாமல் விசுவாசமும் தளராமல் நடத்துவதற்கான வழிமுறை இது. கொரியக் குடும்பத்தில் மணம் முடித்தவர்களுக்கும், படிக்கவோ வேலைக்கோ போன இடத்தில் இப்படியொரு நாளுக்கு அழைக்கப்படுகிறவர்களுக்கும், கன்பூசியமும் கிறிஸ்தவமும் அங்கே கலந்த விதத்தைப் படிக்கிறவர்களுக்கும் பயன்படும்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஜேசாவில் ஒவ்வொரு செயலும் குடும்பத்துக்காக ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது. அது என்ன வேலை என்று தெரியாமல் செயலை மட்டும் நீக்கிவிட்டால், அந்த வேலை நடக்காமலே போய்விடும். "பெற்றவர்களைக் கைவிட்டுவிட்டார்கள்" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

ஜேசாவில் என்ன நடக்கிறது

நம் ஊர்த் திவசத்தைப் போலவே, இறந்த நாளுக்கான ஜேசாவும் வழக்கமாகச் சந்திரக் கணக்கில் வரும். பழைய முறைப்படி அந்த நாள் பிறக்கும் நள்ளிரவில் தொடங்க வேண்டும் என்பதால் குடும்பம் முந்தைய மாலையே கூடிவிடும். இப்போது பல வீடுகளில் அந்த நாளின் மாலையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். சூசொக் என்னும் அறுவடைப் பண்டிகை, சொல்லால் என்னும் சந்திரப் புத்தாண்டு ஆகியவற்றின் காலைகளில் நடப்பது சார்யே. அது இதைவிடச் சுருக்கமானது.

மேசையில் ஐந்து வரிசை. முன்னோர் பெயர்ச் சீட்டுக்கு அருகில் சோறு, சூப், மதுக் கிண்ணம். அடுத்து சுட்ட இறைச்சி, மீன், மாவில் தோய்த்துப் பொரித்தவை. மூன்றாவதில் குழம்பு வகை, நான்காவதில் உலர்மீன், கீரை காய்கறி, சிக்கே என்னும் இனிப்பு அரிசிப் பானம். கடைசி வரிசையில் பழமும் இனிப்பும். பூண்டு, மிளகாய்த்தூள் சேர்ப்பதில்லை. பீச் பழம் வைப்பதில்லை. சிவப்புப் பழம் கிழக்கே, வெளிர் பழம் மேற்கே என்பது போன்ற விதிகளுக்காகச் சண்டையே நடக்கும். ஆனால் கன்பூசியர்களின் தலைமை நிலையமான சொங்கியுன்குவானே 2022 செப்டம்பரில் சார்யேவுக்கு ஒரு மாதிரியை வெளியிட்டு, அந்த விதிகளுக்குப் பழைய சடங்கு நூல்களில் ஆதாரம் இல்லை, எண்ணெயில் பொரித்தவை தேவையில்லை, ஒன்பது பதார்த்தம் வரை போதும் என்று சொல்லிவிட்டது. உறவினர்களோடு பேசும்போது கையில் இருக்க வேண்டிய செய்தி இது.

சடங்கின் ஓட்டம் இப்படி: ஊதுவத்தி ஏற்றி, மதுவைச் சிறிது ஊற்றி ஆவியை அழைப்பார்கள். எல்லோரும் மண்டியிட்டு வணங்குவார்கள். தலைமகன் முதல் கிண்ணம் வைத்ததும் 'சுக்' என்னும் அறிவிப்பு வாசிக்கப்படும். பிறகு இரண்டாம், மூன்றாம் கிண்ணங்கள். கரண்டியைச் சோற்றில் நட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். இதற்கு ஹப்முன் என்று பெயர். ஆவி உண்ணும் நேரம் அது. மறுபடி கதவைத் திறந்து, விடைகொடுத்து, பெயர்ச் சீட்டை எரித்து, படைத்த உணவை எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள். இந்தப் பகிர்வுக்கு உம்போக் என்று பெயர்.

'சுக்' வாசிப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பெற்றோருக்கான வாசகத்தின் உட்கருத்து இதுதான்: ஆண்டு சுழன்றது, நீங்கள் மறைந்த நாள் மறுபடி வந்தது, தொலைவில் போன உங்களை எண்ணும்போது உங்கள் அன்பு வானம்போல எல்லையில்லாமல் இருக்கிறது. ஹ்யோ எனப்படும் பெற்றோர்ப் பற்று முழுவதும் இந்த நாலு வரியில் இருக்கிறது. கிறிஸ்தவ வழிபாட்டில் இந்த நெஞ்சுருக்கத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லையென்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பெரியவர்கள் வெறுங்கையோடு திரும்பியதாகவே உணர்வார்கள்.

தடை எங்கே, அனுமதி எங்கே

வெறும் பழக்கம்தானே என்று இதை லேசாகப் பேசக் கூடாது. உயிர் போன வரலாறு இது. 1784-ல் பெய்ஜிங்கில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய யி சுங்-ஹூனும் அவர் நண்பர்களும் கன்பூசிய அறிஞர்கள். சீனாவில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி சீன மொழியில் எழுதியவற்றைப் படித்து, கன்பூசியம் விட்ட இடத்தைக் கிறிஸ்தவம் நிரப்புகிறது என்று நம்பியவர்கள். 1790-ல் பெய்ஜிங் ஆயரிடமிருந்து ஜேசா கூடாது என்ற பதில் வந்தது. மறு ஆண்டு ஜின்சானில் யுன் ஜி-சுங் தன் தாய்க்கு ஜேசா செய்யவில்லை. முன்னோர் பெயர்ப் பலகைகளையும் எரித்தார். துக்க உடை உடுத்தி, தாய்க்குச் செய்யவேண்டிய மற்ற கடன்களைச் செய்தவர்தான் அவர். இருந்தும் 1791 டிசம்பரில் ஜொன்ஜுவில் அவரும் உறவினர் குவொன் சாங்-யொனும் தலை வெட்டப்பட்டார்கள். 2014-ல் சியோலில் போப் பிரான்சிஸ் அருளாளர்களாக உயர்த்திய 124 பேரில் இருவரும் உண்டு.

அந்தக் காலத்து விசுவாசிகள் தங்களைக் காத்துக்கொள்ள எடுத்த வாதமும் கன்பூசிய வாதமே. தகப்பனுக்கு மேல் அரசன், அரசனுக்கு மேல் எல்லோருக்கும் பெரிய தகப்பனாகிய கடவுள் என்றார்கள். 1839-ல் ஜொங் ஹா-சாங் என்னும் கத்தோலிக்கர் அரசவை அமைச்சருக்கு எழுதிய மன்றாட்டில், உறங்கும் பெற்றோருக்கு எந்தப் பிள்ளையும் உணவு படைப்பதில்லை, நெடுந்துயிலில் இருப்பவருக்குப் படைப்பது எப்படி என்று கேட்டார். பற்றை மறுக்கவில்லை, பற்றுக்குரிய இடத்தைத்தான் மாற்றினார். கலப்பின் வேர் இங்கே இருக்கிறது.

1939 டிசம்பரில் ரோம் தடையைத் தளர்த்தியது. 1940-ல் கொரிய ஆயர்கள் எல்லை வகுத்தார்கள். உடல், கல்லறை, புகைப்படம், பெயர் மட்டும் எழுதிய சீட்டு ஆகியவற்றின் முன் வணங்கலாம், தூபம் காட்டலாம், உணவு வைக்கலாம். 'சுக்' வாசிப்பு, ஹப்முன், இறந்தவரின் ஆவியைக் கூவி அழைத்தல், எமதூதருக்குச் சோறு வைத்தல், பிணத்தின் வாயில் அரிசி இடுதல் கூடாது. ஆவி வந்து உண்கிறது என்று பொருள்படும் எல்லாம் வெளியே, மரியாதை என்று பொருள்படும் எல்லாம் உள்ளே. கோடு இவ்வளவுதான்.

1884–85 முதல் வந்த சீர்திருத்த மிஷனரிகள் ஜேசாவை முழுவதுமாக விலக்கினார்கள். ஆனால் மாற்றுச் சடங்கு மேலிடத்து ஆணையால் பிறக்கவில்லை. விசுவாசிகளே வீட்டில் கூடி, விளக்கேற்றி, பாடி, தாயை நினைத்து அழுது ஜெபித்தார்கள். 1897-லேயே சபைப் பத்திரிகையில் இப்படியொரு செய்தி வந்துவிட்டது. சுதோ-யெபே அப்படித்தான் வளர்ந்தது.

இரண்டு வாரம் முன்னதாக

தேதியைத் தீர்மானியுங்கள். கிறிஸ்தவ வீடுகளில் பல சூரியக் கணக்குக்கு மாறிவிட்டன, பெரியப்பா வீட்டில் சந்திரக் கணக்கு இருக்கும். இரண்டு தேதியில் இரண்டு கூட்டம் என்று ஆகிவிட்டால் குடும்பம் பிளந்ததாகவே ஊர் பேசும். ஆகவே தேதியில் விட்டுக்கொடுங்கள். விசுவாசத்தைத் தொடாத விஷயம் அது.

மூத்தவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், குறுஞ்செய்தி போதாது. "ஜேசா இல்லை" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். "அப்பாவின் நினைவு நாளை எங்கள் வீட்டில் வழிபாடாக நடத்துகிறோம், நீங்கள் வந்து அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். தலைமகனுக்குரிய முதல் கிண்ணத்தின் இடத்தில் இந்தப் பேச்சு அவருக்குப் போய்ச் சேர்கிறது.

செலவிலும் வேலையிலும் பின்வாங்காதீர்கள். கிறிஸ்தவர்கள் ஜேசாவை மறுப்பது பணத்தையும் உழைப்பையும் மிச்சம் பிடிக்கத்தான் என்ற சந்தேகம் உறவினர்களிடம் ஆழமாக இருக்கிறது. சூசொக்குக்கு முன் கல்லறை மேட்டில் புல் வெட்டும் பொல்ச்சோ வேலைக்கு முதல் ஆளாகப் போங்கள். அதில் எந்தச் சபைக்கும் மறுப்பில்லை. புல்வெட்டியைத் தோளில் மாட்டியவரிடம் யாரும் ஹ்யோ பற்றிப் பாடம் நடத்துவதில்லை.

வேலைகளைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: நடத்துபவர், ஜெபிப்பவர், வேதம் வாசிப்பவர், வாழ்க்கைக் குறிப்பு சொல்பவர். பழைய முறையில் பல வீடுகளில் மருமகள்கள் சமையலறையோடு நின்றுவிடுவார்கள். இங்கே ஒரு ஜெபமோ வாசிப்போ கட்டாயம் ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள். கலப்பில் கிறிஸ்தவம் தெளிவாகத் திருத்திய இடம் இது என்பது எங்கள் எண்ணம். சமையலையும் பிரித்துக்கொண்டால்தான் அந்தத் திருத்தத்துக்குப் பொருள் இருக்கும்.

அறை, மேசை, நேரம்

கூடத்தில் தாழ்வான மேசை, வெள்ளை விரிப்பு, நடுவில் புகைப்படம், பக்கத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் பூக்கள், வேதாகமம். மெழுகுவர்த்தி இரண்டு வைப்பவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டு. ஊதுவத்தி வேண்டாம். புகைப்படத்துக்கு முன்னால் உணவு வைக்காதீர்கள். ஒரு தட்டுப் பழம் "அழகுக்காக" வைத்தாலும் அது படையலாகிவிடும், பிறகு வணங்கலாமா கூடாதா என்ற வாக்குவாதம் வழிபாட்டுக்கு நடுவில் எழும். கடுமையான சபைகளில் புகைப்படத்தையே தவிர்ப்பார்கள். உங்கள் போதகரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சூசொக், சொல்லால் நாட்களுக்கு முந்தைய ஞாயிறு பல சபைகள் வழிபாட்டு முறைத் தாளை அச்சிட்டுத் தருகின்றன. இறந்த நாளுக்கும் அதையே திருத்திப் பயன்படுத்தலாம்.

மொத்தம் 25 முதல் 30 நிமிடம்தான். எல்லோரும் மெத்தையில் வட்டமாக உட்கார்ந்ததும் நடத்துபவர் இறந்தவரின் பெயர், மறைந்த ஆண்டு, இது எத்தனையாவது நினைவு நாள் என்று சொல்லி, ஒரு நிமிட மௌனத்துக்கு அழைக்க வேண்டும். ஆவியை அழைக்கும் ஊதுவத்தியின் இடம் இது. வந்திருப்பவர்கள் தங்களைக் கடவுள் முன் நிறுத்திக்கொள்கிறார்கள். விசுவாசப்பிரமாணம் சொல்வது வழக்கம், ஆனால் பாதிப்பேர் கிறிஸ்தவர் அல்லாதவர் என்றால் விட்டுவிடலாம்.

பாட்டுக்கு 2006-ல் வந்த 645 பாட்டுகள் கொண்ட சீர்திருத்தச் சபைப் பாடல் புத்தகத்தில் 606 பரலோக நம்பிக்கை பற்றியது, 579 தாயின் அன்பு பற்றியது, 559 குடும்பம் பற்றியது. மூன்றும் கொரியர்களுக்கு மனப்பாடம். இரண்டு சரணம் போதும்.

ஜெபத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். "அப்பா, நாங்கள் வந்திருக்கிறோம், எங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாய் தானாகப் போய்விடும். சீர்திருத்தச் சபை முறையில் இறந்தவரிடம் பேசுவதும் இல்லை, அவருக்காக வேண்டுவதும் இல்லை. ஆனால் 'சுக்' சொல்லும் உணர்வு அனைத்தையும் கடவுளிடம் சொல்லலாம். எழுதி வைத்து வாசியுங்கள்: "ஆண்டவரே, ஆண்டு சுழன்று எங்கள் தகப்பன் மறைந்த நாள் மறுபடி வந்திருக்கிறது. வானம்போல் எல்லையில்லாத அவர் அன்பை எங்களுக்குத் தந்தவர் நீரே. அவர் காட்டிய வழியில் நடக்க எங்களுக்கு உதவும்." கேட்கும் பெரியப்பாவுக்கு அந்த வரி எங்கிருந்து வந்தது என்று உடனே தெரியும்.

வாசிப்புக்கு யாத்திராகமம் 20:12, எபேசியர் 6:1–3 என்று எல்லோரும் எடுப்பார்கள். இன்னும் சிறந்தவை உண்டு. சிலுவையில் தொங்கும்போதே தாயைச் சீடன் கையில் ஒப்படைக்கும் யோவான் 19:26–27, கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசு கண்டிக்கும் மத்தேயு 15:3–6, பெற்றோருக்குப் பதில்நன்மை செய்யச் சொல்லும் 1 தீமோத்தேயு 5:4, "உன் தகப்பனைக் கேள்" என்னும் உபாகமம் 32:7. மெதடிஸ்ட் இறையியலாளர் யுன் சொங்-பம் 1970களில் இயேசுவையே தகப்பனுக்கு முழுமையாகக் கீழ்ப்படிந்த ஹ்யோ மகனாகக் காட்டினார். கன்பூசிய உறவினர் நடுவில் பேச இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. உறவினர்களை மனந்திரும்பச் சொல்லும் பிரசங்கமாக அது மாறிய வீடுகளில் மறு ஆண்டு யாரும் வருவதில்லை.

பத்து நிமிடத்தை நினைவுகூரலுக்கு ஒதுக்குங்கள். இந்த வழிபாட்டின் இதயம் இதுதான், பலர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவதும் இதைத்தான். பிறந்த ஊர், ஆண்டு, செய்த வேலை, போர்க்காலத்தில் பட்ட பாடு, திருமணம், பிள்ளைகளிடம் அடிக்கடி சொன்ன சொல், எழுதி வைத்த கடிதம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் பார்க்காத தாத்தாவை அவர்கள் முன் நிறுத்துவதே ஜேசா செய்த பெரிய வேலை. குரல் பதிவு இருந்தால் ஒரு நிமிடம் ஒலிக்கவிடுங்கள். பிறகு மூத்தவர் பேசட்டும். அவர் கிறிஸ்தவர் இல்லையென்றாலும் இந்த இடம் அவருக்குரியது.

இன்னொரு பாட்டு, பரமண்டல ஜெபம், முடிந்தது. போதகர் வந்திருந்தால் ஆசீர்வாதம் கூறுவார்.

புகைப்படத்தை மேசையிலிருந்து எடுத்த பிறகே மேசையில் உணவு வையுங்கள். ஐந்து வரிசை வேண்டாம். மறைந்தவருக்குப் பிடித்த இரண்டு மூன்று பதார்த்தம், பண்டிகை நாளென்றால் சொங்பியொன் என்னும் அரிசிக் கொழுக்கட்டை அல்லது தொக்குக் என்னும் அரிசி கேக் சூப், மதுவுக்குப் பதில் சிக்கே அல்லது சுஜொங்குவா என்னும் இஞ்சி, இலவங்கப்பட்டைப் பானம். சிக்கனம் பார்த்துக் கடையில் வாங்கிய டப்பாக்களை அடுக்கினால் மரியாதைக் குறைவாகவே தோன்றும். ஒன்றையாவது வீட்டில் சமையுங்கள்.

கத்தோலிக்க வீட்டில் மாறுபவை

கொரிய ஆயர் பேரவை 2012-ல் வீட்டு நினைவுச் சடங்குக்கு முறை வகுத்தது. மேசையில் சிலுவை, புகைப்படம் அல்லது பெயர், மெழுகுவர்த்தி, பூ, தூபம், எளிய உணவு வைக்கலாம். சிலுவை அடையாளம், பாட்டு, இறைவாக்கு, குடும்பத் தலைவரின் சொல் ஆகியவற்றுக்குப் பின் ஒவ்வொருவராகத் தூபமிட்டு இருமுறை வணங்குவார்கள். பிறகு யொன்தோ பாடப்படும். திருப்பாடல்களையும் புனிதர் மன்றாட்டு மாலையையும் கொரிய நாட்டு மெட்டில் மாறி மாறி இழுத்துப் பாடும் இந்த ஜெபம் கேட்பதற்கு ஊர்ப் பெரியவர்களின் பழைய ஓதலைப் போலவே இருக்கும். கொரியத் திருச்சபையின் தனிச்சொத்து இது.

இங்கே கவனிக்க வேண்டியது பெயர்ச் சீட்டு. வழக்கமான சீட்டின் கடைசியில் 'ஷின்வி' என்று, ஆவி அமரும் இடம் எனப் பொருள்பட எழுதுவார்கள். கத்தோலிக்கச் சீட்டில் அது வரக் கூடாது. பெயர் மட்டும் போதும். கடையில் அச்சிட்டு விற்கும் சீட்டை அப்படியே வாங்கி ஒட்டுவதால்தான் இந்தப் பிழை நேர்கிறது.

ஜேசா நடக்கும் வீட்டுக்குப் போனால்

கிறிஸ்தவ மருமகனோ மருமகளோ ஜேசாவுக்குப் போகாமல் இருப்பதைவிடப் போய், சமைத்து, மற்றவர் வணங்கும்போது பின்வரிசையில் நின்று தலை தாழ்த்தி மௌனமாக ஜெபிப்பதே பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி. அதை முன்கூட்டியே மாமனாரிடம் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் மறுத்தால் அவருடைய மானம் போய்விடும். படைத்த உணவை உண்பது பற்றி 1 கொரிந்தியர் 10:27–28 வைத்துச் சபைகள் வெவ்வேறாகச் சொல்கின்றன. தயக்கம் இருந்தால் மேசைக்கு வராமல் அடுப்பில் மிஞ்சியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜேசாவையும் வழிபாட்டையும் ஒரே அறையில் அடுத்தடுத்து நடத்தும் சமரசத்தைச் சில குடும்பங்கள் முயல்கின்றன. பெரும்பாலும் இரு தரப்பும் மற்றதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறது. சார்யே காலையில் அண்ணன் வீட்டில், வழிபாடு கல்லறையில் பிற்பகலில் என்று இடத்தையும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள்.

சொல்லால் காலையில் உயிரோடிருக்கும் பெரியவர்களுக்குச் செய்யும் செபே வணக்கத்தில் எந்தச் சபைக்கும் சிக்கல் இல்லை. அது ஒருமுறை வணக்கம், இறந்தவருக்குத்தான் இருமுறை. இந்த எண்ணிக்கையை மாற்றிச் செய்துவிடாதீர்கள். உயிரோடிருக்கும் பாட்டிக்கு இருமுறை வணங்கினால் வீடே பதறும்.

துக்க வீட்டிலும் இதே பிரிவு வரும். மருத்துவமனையை ஒட்டிய இறுதிச்சடங்குக் கூடத்தில் மற்றவர்கள் ஊதுவத்தி வைத்துப் படத்துக்கு இருமுறை வணங்குவார்கள். கிறிஸ்தவர்கள் வெள்ளைச் சாமந்தி ஒன்றை வைத்து, தலை தாழ்த்தி ஜெபித்துவிட்டு, துக்கத்தில் இருப்பவர்களோடு ஒருமுறை வணங்கிக்கொள்வார்கள். பூவின் காம்பு எந்தப் பக்கம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முன்னால் வைத்தவரைப் பார்த்துச் செய்யுங்கள். வெள்ளை உறையில் 30,000, 50,000 அல்லது 100,000 வொன் வைத்து, பின்பக்கம் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பெயர் எழுதுங்கள். சீர்திருத்தச் சபைக் குடும்பத்திடம் மறுமைப் பேறு வாழ்த்தும் வழக்கமான வாசகத்தைத் தவிர்த்து, "கடவுளின் ஆறுதல் உங்களோடு இருக்கட்டும்" என்று சொல்லலாம்.